விடாப்பிடி: பொங்கல் விழா ரிலேயில் குச்சி கைமாறும் முறைமை பற்றி ஓர் ஆய்வுரை

பாயிரம்

ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் சொல்லியே தீர வேண்டியவை எட்டு என்று நன்னூல் விதிக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். அதை இயற்றிய பவணந்தியாருக்குப் பணிந்து இவற்றை முதலிலேயே தீர்த்துவிடுவோம். ஆக்கியோன், விழாக் குழுவில் சுண்ணாம்புக் கோடு போடும் பொறுப்பில் இருப்பவன். பெயர் வேண்டாம், அதே தெருவில்தான் இன்னும் குடியிருக்க வேண்டியிருக்கிறது. வழி, கண்ணால் கண்டது. எல்லை, வடக்கே பிள்ளையார் கோவில், தெற்கே டிரான்ஸ்ஃபார்மர், கிழக்கே ரேஷன் கடை, மேற்கே யாரோ வாங்கிப்போட்டு வேலிகூடக் கட்டாத காலி மனை. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு உரைநடை. நுதலிய பொருள் ஒரு குச்சி. கேட்போர், சென்ற பொங்கலுக்குத் தோற்ற மூன்று தெருக்காரர்கள். பயன் என்று ஒன்றும் இல்லை. ஆய்வுக் கட்டுரையிடம் பயன் கேட்பது மரபும் அன்று.

களம், திருச்சிக்குத் தெற்கே உள்ள ஒரு நகர். நகர் என்றால் நான்கு நேர்த்தெரு, இரண்டு குறுக்குத்தெரு, ஒரு நலச்சங்கம், அந்தச் சங்கத்தை ஒப்புக்கொள்ளாத இன்னொரு சங்கம். காணும் பொங்கலன்று காலையில் கோலப்போட்டி. பிறகு லெமன் ஸ்பூன், சாக்கு ஓட்டம், மியூசிகல் சேர். வெயில் தணிந்ததும் ரிலே. ரிலே முடிந்ததும் உறியடி. உறியடி முடிந்ததும் ரிலே பற்றிய வாக்குவாதம். இவற்றுள் ரிலே ஒன்றே ஆராயத் தக்கது. சாக்கு ஓட்டத்தில் விழுகிறவர் தன் சாக்கிலேயே விழுகிறார். எலுமிச்சை உருண்டால் கரண்டியைக் கவ்விய வாய்தான் பொறுப்பு. ரிலேயில் மட்டும் ஒருவர் கையில் இருப்பது இன்னொருவர் கைக்குப் போயாக வேண்டும். ஒருவர் கையில் இருப்பது இன்னொருவர் கைக்குப் போவது நம்மிடையே எவ்வளவு சிக்கலான காரியம் என்பதை, சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றுதான். உலகத் தடகளத்தில் குச்சி தவறுவது நழுவலால். நம் தெருவில் குச்சி தவறுவது அரிது. இங்கே குறை விடாமை. முன்னது வேகத்தால் வருவது, பின்னது மரியாதையால் வருவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘நம்மாளுங்களுக்கு பிராக்டீஸ் பத்தலை’ என்று சொல்வாரும் உளர். அது பொருந்தாமையைப் போகப் போகக் காண்க.

மேலோர் குறை

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடரோட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. சேர்த்த முதல் தடவையே, குச்சி மாற்றிய முறை சரியில்லை என்று அரையிறுதியில் அமெரிக்கர்களும் இறுதியில் ஜெர்மானியர்களும் நீக்கப்பட்டார்கள். தங்கம் பிரிட்டனுக்கு. ஆக, இந்த ஆட்டம் ஒலிம்பிக்குக்கு வரும்போதே தகராறோடுதான் வந்திருக்கிறது.

1936, பெர்லின். ஜெர்மானியப் பெண்கள் தகுதிச் சுற்றிலேயே 46.4 வினாடியில் உலக சாதனை செய்துவிட்டார்கள். இறுதியிலும் கடைசிக் கைமாற்றம்வரை தெளிவான முன்னிலை. மாடத்தில் ஹிட்லர். தரையில் குச்சி. அமெரிக்கா வென்றது. 2008இல் பெய்ஜிங்கில் அதே அமெரிக்காவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே நாளில், ஒரே இடத்தில், அதாவது மூன்றாமவர் நான்காமவருக்குக் கொடுக்கும் இடத்தில், குச்சியைத் தவறவிட்டன.

இவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள்? வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால். கொடுப்பவர் தரையில் ஒட்டிய ஓர் அடையாளத்தைத் தாண்டிய கணமே வாங்குகிறவர் ஓடத் தொடங்கிவிடுவார். கையை மட்டும் பின்னால் நீட்டுவார். அந்தக் கையில் குச்சி வந்து விழ வேண்டும். இந்தக் குருட்டு நம்பிக்கைக்குக் கிடைக்கும் கூலி கொஞ்சமல்ல. 2012இல் லண்டனில் ஜமைக்கா 36.84 வினாடியில் ஓடியது. நான்கால் வகுத்தால் ஆளுக்கு 9.21. தனியாக 100 மீட்டரை உசைன் போல்ட் ஓடிய சாதனையே 9.58தான். நால்வரில் மூவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டே குச்சியை வாங்குவதால், கணக்கில் எல்லாரும் போல்ட்டைவிட வேகமானவர்களாகிவிடுகிறார்கள்.

நம் தெருவில் இதே கணக்கு தலைகீழ். தனித்தனியாக ஓடவிட்டு நான்கு பேர் நேரத்தையும் கூட்டினால் வருவதைவிட, குச்சியோடு ஓடும்போது அதிகம் ஆகிறது. எங்கே போகிறது அந்த நேரம் என்பதே வினா.

கருவி

குச்சி எனப்படுவது யாதோ எனின், உலக விதிப்படி உட்புறம் துளையுள்ள, வழவழப்பான, ஒட்டுப்போடாத ஒற்றைக் குழல். நீளம் 28 முதல் 30 செ.மீ.; வெளி விட்டம் 40 மி.மீ., கூடவோ குறையவோ 2 மி.மீ.; எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது.

எங்கள் நகரில் சுருட்டிய தினத்தந்தி, கரும்புத் துண்டு, பூரிக்கட்டை ஆகிய மூன்று காலகட்டங்களுக்குப் பிறகு இப்போது பி.வி.சி. காலம். தினத்தந்தி மூன்றாவது கைக்குள் நைந்துபோகும். கரும்பு நான்காமவரிடம் போய்ச் சேரும்போது நீளம் குறைந்திருக்கும்; காரணம் ஆராயப்படவில்லை, பல்லின் அடையாளம் மட்டும் இருந்தது. பூரிக்கட்டையைக் கொடுத்த வீட்டில் அன்றிரவு சப்பாத்தி என்பதால் அதற்குத் தடை வந்தது. பி.வி.சி.யோ கேட்பாரில்லாதது. தவிர, நம் நாட்டு பி.வி.சி. தண்ணீர்க் குழாய்களை வெளி விட்டத்தால்தான் அளவு சொல்வார்கள். எனவே, பிளம்பரிடம் ‘நாப்பது எம்.எம். பைப்புல ஒரு துண்டு’ என்று கேட்டால், அவரே அறியாமல் ஒலிம்பிக் விட்டத்தை நறுக்கிக் கொடுத்துவிடுகிறார். தவறு நீளத்தில் வரும். பிளம்பர் ஒரு அடி என்றால் ஒரு அடிதான் வெட்டுவார். ஒரு அடி 30.48 செ.மீ. ஆகவே எங்கள் நகரில் இதுவரை நடந்த பி.வி.சி. ரிலேக்கள் அனைத்தும், அரை செ.மீ. வித்தியாசத்தில், சட்டப்படி செல்லாதவை. இதைச் சங்கத்தில் தெரிவித்தபோது, தோற்ற அணிகள் மட்டுமே வரவேற்றன.

வெட்டிய வாயில் பிசிறு நிற்கும். சிமென்டுத் தரையில் நாலு தேய் தேய்த்தால் போகும். தேய்க்க வேண்டியவர் மைக் செட்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். பிசிறு கையைக் கீறுமே என்ற பயத்தில் எல்லாரும் நுனியை விட்டு நடுவில் பிடிக்கிறார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் விடாமையின் பௌதிகக் காரணம் இதுவே. ஒரு அடிக் குச்சியை நடுவில் ஒருவர் முஷ்டியால் பிடித்துவிட்டால், இருபுறமும் மிஞ்சுவது நாலு நாலு விரற்கடை. வாங்குகிறவர் அந்த நாலு விரற்கடையில் பிடித்து இழுக்கிறார். இழுப்பதை உணர்ந்த கொடுப்பவர், யாரோ பிடுங்குகிறார்கள் என்று கை தானாகச் சொல்ல, இன்னும் இறுக்குகிறார். பயிற்சி பெற்ற அணிகளுக்கும் இந்தத் தட்டுப்பாடு உண்டு. கீழிருந்து மேலாகக் குச்சியைத் திணிக்கும் முறையில் ஒவ்வொரு கைக்கும் பிடிக்க இடம் குறைந்துகொண்டே வரும். அவர்கள் அதை விரல் கணக்காகப் பழகிச் சமாளிக்கிறார்கள். நாம் குரலால் சமாளிக்கிறோம்.

முன்னோர்

கைமாற்றிக் கைமாற்றி ஓடுவது இந்நாட்டுக்குப் புதிதோ எனின், அன்று. பதினான்காம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் ஆட்சியில் இங்கு வந்த இப்னு பதூதா, ஓட்டக்காரர் தபால் ஏற்பாட்டை வியந்து எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு மைலுக்கும் மூன்று நிலையம். ஓடுகிறவர் ஒரு கையில் கடிதம். மறு கையில் இரண்டு முழக் கோல், அதன் தலையில் செப்பு மணிகள். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்த நிலையத்துக்காரர் கச்சை கட்டி எழுந்து தயாராக நிற்பார். குதிரைத் தபாலைவிட இது வேகமாம். கடிதம் மட்டுமா? குராசான் பழங்களும் இப்படித்தான் சுல்தானிடம் வந்தன. சுல்தான் தௌலதாபாத்தில் இருந்தபோது நாற்பது நாள் தொலைவிலிருந்து கங்கை நீர் வந்தது. பெரும் குற்றவாளிகளைக்கூடக் கட்டிலில் கிடத்தித் தலைமேல் தூக்கி இப்படியே கைமாற்றி ஓடிக் கொண்டுசேர்த்திருக்கிறார்கள்.

படுத்த நிலையில் ஒரு முழுக் குற்றவாளியே ஓட்டத்தில் கைமாறியிருக்கும்போது, மூன்றாம் தெருவில் ஒரு அடிக் குழாய் ஏன் மாறவில்லை? காரணம் மணி என்று கருதுகிறோம். திருவிதாங்கூர் அஞ்சல்காரரும் மணி கட்டிய கோலோடுதான் ஓடினார். மணி ஓசை, வாங்குகிறவரை எழுப்பியதோடு, கொடுப்பவரைப் பேசவிடாமலும் செய்திருக்கும். நம்மிடம் மணி இல்லை; வாய் இருக்கிறது. வாய் இருக்கிற இடத்தில் அறிவுரையும் இருக்கும்.

கையியல்

இனி ஆய்வின் நெஞ்சுப் பகுதி.

குச்சியைக் கை மாற்றிப் பிடித்து நேரத்தை வீணாக்காமல் இருக்க, தேர்ந்த 4×100 அணிகளில் முதலாமவர் வலக்கை, இரண்டாமவர் இடக்கை, மூன்றாமவர் வலக்கை, நான்காமவர் இடக்கை என்று வைத்துக்கொள்கிறார்கள். வளைவில் ஓடுகிறவர் வலக்கையில் வைத்திருந்தால் தடத்தின் உள்ளோரத்தை ஒட்டி ஓடலாம். நேர்க்கோட்டில் நிற்பவர் இடக்கையை நீட்டி வாங்கினால் இருவரும் மோதிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் சரி. ஆனால், இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யாரும் ஒரு தமிழ்ப் பாட்டிக்குப் பேரனாக வளர்ந்தவர்கள் அல்லர். இரண்டு வயதில் இடக்கையால் பிஸ்கட் வாங்கினால் அந்தக் கையில் ஒரு தட்டு. பள்ளிக்கூடத்தில் இடக்கையால் சான்றிதழ் வாங்கினால் மேடையிலேயே முறைப்பு. கடையில் இடக்கையால் காசு நீட்டினால் அண்ணாச்சி வாங்காமல் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருடம் இப்படிப் பழக்கிய கையைப் பார்த்து, காணும் பொங்கலன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, பி.டி. சார் ‘லெஃப்ட்ல வாங்கு’ என்கிறார்.

கை கேட்காது. இரண்டாம் ஓட்டக்காரர் வலக்கையை நீட்டுவார்; அதற்காக உடம்பு திரும்பும்; உடம்பு திரும்பினால் கால் நிற்கும். கொடுப்பவர் வயதில் பெரியவராக இருந்துவிட்டால் இடக்கையும் வந்து வலக்கையைத் தாங்கிக்கொள்ளும். இரு கையும் நீட்டி, சற்றே குனிந்து, பிரசாதம் வாங்கும் நிலையில் ரிலே குச்சியை வாங்குகிறவர்களை இத்தெருக்களைத் தவிர வேறெங்கும் காண்பது அரிது.

இதோடு எதிர்கோடலும் சேரும். மூச்சு வாங்க வருகிறவரைக் கண்டதும் நின்ற இடத்தில் நிற்க நமக்கு மனம் வராது. ஊரிலிருந்து வந்தவர் பையை வாங்கத் தெருமுனைவரை போகிற சாதி நாம். ஆகவே வாங்குகிறவர் கோட்டைத் தாண்டிப் பின்பக்கமாக நாலடி ஓடிப்போய், ‘குடுங்க, குடுங்க’ என்று வரவேற்கிறார். பிறகு அதே நாலடியைக் குச்சியோடு திரும்ப ஓடுகிறார். 4×100 ஓட்டத்தில் இப்போது கைமாற்றப் பகுதி 30 மீட்டர். குச்சி அதற்குள்தான் மாற வேண்டும். எங்கள் நகரில் அந்தப் பகுதியைக் குறிக்கும் சுண்ணாம்புக் கோட்டை அடியேன்தான் போடுகிறேன். விருந்தோம்பலுக்குக் கோடு போட இயலாது என்பதை அனுபவத்தில் கண்டேன்.

இவற்றிலிருந்து ஒரு விதி பெறப்படும்: கொடுப்பாருக்கும் கொள்வாருக்கும் இடையே உள்ள மரியாதை எவ்வளவோ, அவ்வளவு நேரம் குச்சி இருவர் கையிலும் நிற்கும். ‘டேய்’ என்று அழைத்துக்கொள்ளும் இருவரிடையே அது நிற்பதே இல்லை, எறியப்படுவதும் உண்டு. அண்ணன் தம்பி என்றால் ஓர் அதட்டலளவு நிற்கும். மரியாதையின் உச்சத்தில் என்ன ஆகும் என்பதற்குச் சென்ற பொங்கலில் தக்க சான்று கிடைத்தது.

ஒரு நேர்முகச் சான்று

மூன்றாம் தெரு அணிக்குக் கடைசி நேரத்தில் இரண்டு ஆள் குறைந்தது. ஒருவர் மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. இன்னொருவர் உள்ளூரிலேயே இருந்தும் திரும்பவில்லை. அப்போது தலைப்பொங்கலுக்கு வந்திருந்த மாப்பிள்ளை ஒருவர், வேட்டியும் சட்டையும் புதுக்கருக்குக் கலையாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக முறுக்கு மறுத்துக்கொண்டிருந்தார். காலேஜில் ஓடியிருக்கிறாராம். அவரைக் கேட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை ஓடும்போது மாமனார் உட்கார்ந்திருப்பது முறையா என்று மாமனாரும் எழுந்துவிட்டார்; பெல் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர், தினம் காலையில் நடப்பவர். மூன்றாமவர் மாமனார், நான்காமவர் மாப்பிள்ளை என்று வரிசை முடிவாயிற்று. இந்த வரிசையை யார் முடிவு செய்தார்கள் என்று இப்போது கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

மாமனார் நன்றாகவே ஓடினார். ரேஷன் கடையைத் திரும்பும்போது மூன்றாம் தெருதான் முன்னால். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி நின்றவர், மாமனார் வருவதைக் கண்டதும் மடிப்பை அவிழ்த்துவிட்டார். பெரியவர் முன்னால் மடித்துக் கட்டிய வேட்டியோடு நிற்பது எப்படி? பிறகு இரு கையையும் நீட்டினார்.

“மாப்ளே, இந்தாங்க!”

“குடுங்க மாமா!”

“புடிச்சுட்டீங்களா?”

“புடிச்சுட்டேன் மாமா, நீங்க விடுங்க!”

“நல்லா புடிச்சுக்குங்க, வேர்வை, வழுக்குது!”

இருவரும் குச்சியை ஆளுக்கொரு பக்கம் பற்றியபடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற மாமியார், “என்னங்க, அவரு கைய விடுங்களேன், நாலு பேரு பாக்குறாங்க!” என்றார். மைக்கில் இருந்தவர் வர்ணனையை விடவில்லை: “குச்சி மாமாவிடமிருந்து மாப்பிள்ளைக்கு... மாமாவிடமிருந்து... இன்னும் மாமாவிடமே இருக்கிறது.” இதற்குள் இரண்டாம் தெரு போய்விட்டது. குறுக்குத்தெருவும் போய்விட்டது. ஒருவழியாகக் குச்சி மாறியதும் மாமனார் நிற்கவில்லை. “கல்லு கெடக்கு, பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையோடு கூடவே ஓடினார். முடிவுக் கோட்டை இருவரும் சேர்ந்துதான் தொட்டார்கள். மாமனார் ஒரு எட்டு முன்னால்.

இக்காட்சியில் விடாமையின் மூன்று வகைகள் ஒருங்கே வந்தமை காண்க. ‘புடிச்சுட்டீங்களா’ என்றது ஐயத்தால் விடாமை. ‘வழுக்குது’ என்றது அக்கறையால் விடாமை. கூடவே ஓடியது, குச்சி போன பிறகும் பொறுப்பை விடாமை. விதிப்படி, வாங்குகிறவர் குச்சியைத் தொட்டதும் கைமாற்றம் தொடங்குகிறது; அவர் கையில் மட்டுமே குச்சி இருக்கும் கணத்தில் முடிகிறது. ‘மட்டுமே’ என்ற சொல்லை விதி எழுதியவர்கள் எவ்வளவு எளிதாக எழுதிவிட்டார்கள்!

நான்காவதாகச் சிறார் விடாமை என ஒன்றும் உண்டு. அதில் ஐயமும் இல்லை, அக்கறையும் இல்லை. குச்சி பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான். யூ.கே.ஜி. பிரிவில் ஒரு பெண் குழந்தை, கையை நீட்டி நின்ற தோழியைக் கடந்து, முடிவுக் கோட்டையும் கடந்து, குச்சியோடு நேரே வீட்டுக்குப் போய்விட்டது. குச்சி மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது.

மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

நம் ஊர்ப்பக்கத்துக்கே ரிலே வராது என்பாரும் உளர். அவர்கள் டோக்கியோ ஒலிம்பிக்கை மறந்தவர்கள். கலப்புத் தொடரோட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது அங்கேதான். இந்தியாவுக்காக 4×400 ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாட்டார்: மதுரையின் ரேவதி வீரமணி, திருச்சியின் சுபா வெங்கடேசன், பக்கத்து லால்குடியின் ஆரோக்கிய ராஜீவ். 2018 ஆசிய விளையாட்டின் கலப்புத் தொடரோட்டத்தில் ராஜீவ் இருந்த அணிக்கு முதலில் வெள்ளிதான்; பஹ்ரைன் ஊக்கமருந்தில் சிக்கியபின் அது தங்கமாயிற்று. ரிலேயில் முடிவு சில வருடம் கழித்துக்கூட மாறலாம் என்ற நம்பிக்கையை மூன்றாம் தெருவுக்கு ஊட்டியது இந்தச் செய்தியே. 2023இல் புடாபெஸ்டில் இந்திய ஆண்கள் 2 நிமிடம் 59.05 வினாடியில் அன்றைய ஆசிய சாதனை படைத்து உலகப் போட்டியின் இறுதிக்குப் போனபோதும், கடைசிச் சுற்றை ஓடியவர் தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ்.

இவை யாவும் 4×400 என்பதை ஊன்றி நோக்குக. அந்த ஓட்டத்தில் வாங்குகிறவர் திரும்பிப் பார்த்தே வாங்கலாம். பார்த்தே ஆக வேண்டும். வருகிறவர் 400 மீட்டர் ஓடித் துவண்டு வருவார். அவர் இன்னும் எவ்வளவு வேகத்தில் இருக்கிறார் என்பதை நின்று கணிக்க வேண்டியது வாங்குகிறவர் வேலை. எங்கள் நகரில் ஓடுகிறவர்கள் அறுபதாவது மீட்டரிலேயே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே நமக்கு உரியது குருட்டு முறை அன்று, பார்வை முறையே. திரும்பிப் பார்ப்பதை இனிக் குறையாகச் சொல்லல் ஆகாது. பி.டி. சார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மாவட்ட அளவில் ஓடியவர்.

கலப்புத் தொடரோட்டம் என்றதும் நினைவுக்கு வருவது, விழாக் குழு போன வருடம் அரைமனதோடு சேர்த்த ஆண், பெண் கலப்பு ரிலே. எல்லாரும் சிரிப்பதற்கென்றே வைத்தது. முடிவு வேறாக இருந்தது. நாலாம் தெருவில் மாடி வீட்டு அம்மா, எதிர்வீட்டு சாரிடம் குச்சியைக் கொடுக்க வேண்டும். இருவரும் பத்து வருடமாகத் தலையசைப்பதோடு சரி. அவர் குச்சியின் கடைக்கோடி நுனியை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். இவர் மறுகோடி நுனியை இரண்டு விரலால் பற்றினார். விரல் பட்டுவிடக் கூடாதே என்ற கவனத்தில், நடுவில் முக்காலடிக் குழாய் காலியாகக் கிடந்தது. பிடித்தது தெரிந்த மறுகணம் அம்மா கையை இழுத்துக்கொண்டார். ஒரு சொல் இல்லை. அறிவுரை இல்லை. தேசிய முகாம்களில் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் தொண்டை வறளக் கற்றுக்கொடுக்கும் நுனிப்பிடியும் உடன்விடலும், வெறும் கூச்சத்தால் அங்கே கைகூடின. அன்று நடந்த கைமாற்றங்களில் ஆகச் சுத்தமானது அதுவே என்பது பி.டி. சாரும் நானும் உடன்படும் ஒரே இடம்.

ஆகவே அணி சேர்ப்போர் உறவுகளைக் கூட்டிவைத்தல் தவறு. பேச்சுவார்த்தை இல்லாதவர்களை அடுத்தடுத்து நிறுத்துக. ஆக்கிரமிப்புத் தகராறில் இருக்கும் இரண்டு வீட்டார் கிடைத்தால் இன்னும் நன்று. இப்பரிந்துரையைப் பொதுக்குழு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறது.

தீர்ப்பு

நடுவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கீழே விழுந்த குச்சியை விழவிட்டவரே எடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தெருவில் அதை எப்போதும் ஒரு பாட்டி எடுத்து, முந்தானையில் துடைத்து, ‘பதறாம போப்பா’ என்று கொடுப்பார். பாட்டியைத் தகுதி நீக்கம் செய்ய விதியில் இடமில்லை.

மறுபடி ஓடவிட வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் வரும். அதை விதண்டாவாதம் என்று சங்கம் தள்ளுவது சரியன்று, முன்னுதாரணம் இருக்கிறது. 2016இல் ரியோவில் அமெரிக்கப் பெண்கள் அணியின் கைமாற்றத்தைப் பிரேசில் வீராங்கனை இடித்துக் கெடுத்ததாக மேல்முறையீடு ஆகி, அந்த அணி தன்னந்தனியாக மறுபடி ஓடித் தகுதி பெற்று, இறுதியில் தங்கமும் வாங்கியது. இதை எடுத்துக்காட்டி மூன்றாம் தெருவும் தனியாக ஓட அனுமதி கேட்டது. அனுமதி கிடைத்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் மறுபடி ஓடினார்கள், எதிரில் எவரும் இல்லை. நேரம் முன்னதைவிட அதிகம் ஆயிற்று. இந்தத் தடவை அவசரம் இல்லை என்பதால் இருவரும் ஒருவருக்கொருவர் கூடுதலாகவே விட்டுக்கொடுத்தார்கள்.

பரிசு வெற்றி பெற்ற இரண்டாம் தெருவுக்கு. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஷீல்டு; பட்ஜெட் அவ்வளவுதான். போட்டோவுக்கு நால்வரும் எட்டுக் கையால் பிடித்து நின்றார்கள். ஆளுக்கு மூன்று மாதம் வீட்டில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுப்பது என்று அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. முதல் மூன்று மாதம் முதலாமவர் வீட்டு ஷோகேசில் இருந்தது. இது எழுதும் ஆவணி மாதத்தில், இரண்டாமவர் ஒருமுறை காபிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், கேட்க மனம் வரவில்லை என்று சொன்னதாகவும் தகவல்.